பதினோரு நாள் நான் திறக்காத பேட்ச்

வேலையை விட்டு வந்துவிட்ட என்னைப் போன வாரம் நம் கம்பெனிக்குப் பேச அழைத்திருந்தீர்கள். உங்களில் ஒருவர் எழுந்து, கம்ப்யூட்டருக்கு டிரைவர் எழுதிய இத்தனை வருட வேலையில் உங்களுக்கு ரொம்பத் தண்ணி காட்டிய பக், அதாவது கோளாறு, எது என்று கேட்டார். நான் ஏதோ ஒரு டைமர் கதையைச் சொல்லிச் சமாளித்தேன். எல்லோரும் சிரித்தீர்கள், டீ குடித்தோம், வீட்டுக்கு வந்துவிட்டேன். சொன்னது பொய் இல்லை. ஆனால் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. உண்மையான பதிலை அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எங்கள் கம்பெனி விருதுநகர் சூலக்கரையில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைகளுக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே பட்டா மாறுதலுக்கு மனு எழுதிக்கொண்டிருப்பார்கள். மேலே நாங்கள் கம்ப்யூட்டரின் அடிமட்ட மென்பொருளான லினக்ஸ் கர்னலுக்கு நெட்வொர்க் டிரைவர், அதாவது நெட்வொர்க் கருவியை இயக்கும் நிரல், எழுதிக்கொண்டிருப்போம். மொத்தம் ஒன்பது பேர். கர்னலுக்குள் கை வைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்த ஜில்லாவிலேயே இந்த வேலை தெரிந்த ஆள் இவர் ஒருத்தர்தான் என்று மேனேஜர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் காதில் விழாதது போல உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொள்வேன்.

மாரீஸ்வரி அங்கே டெஸ்டிங்குக்கு வந்தவர். ஊர் எம். புதுப்பட்டி. அப்பா, அம்மா இரண்டு பேரும் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தார்கள். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எம்.சி.ஏ. முடித்துவிட்டு, தீபாவளி வரைக்கும் என்று ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். நான் எழுதும் டிரைவரை, எங்கள் கம்பெனி விற்கும் நெட்வொர்க் பெட்டியில் ஏற்றி, கேபிளைப் பிடுங்குவது, மாட்டுவது, இன்டர்பேஸை இறக்குவது, ஏற்றுவது, அதாவது கட்டளை கொடுத்து இணைப்பை நிறுத்துவது, தொடங்குவது, நடந்ததை எழுதி வைப்பது, இதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. கொடுக்காத வேலை ஒன்றையும் அவர் செய்தார். நான் எழுதிய நிரலைப் படித்தார்.

சேர்ந்த இரண்டாம் மாதம் என் மேசைக்கு வந்து, ஒரு இடத்தில் நிரல், இரண்டு வேலைகள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் காக்கும் பூட்டை எடுத்துக்கொண்டு, பிழை வந்தால் பூட்டை விடாமலே வெளியேறுகிறதே, அது வேண்டும் என்றேதான் எழுதியதா என்று கேட்டார். கேள்வியில் கிண்டல் இல்லை. நிஜமாகவே எனக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பிக் கேட்டார். எனக்குத் தெரியும், அடுத்த வெர்ஷனில் மாற்ற வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். பச்சைப் பொய். அவர் போன பிறகு கதவைப் பார்த்துக்கொண்டே அதைத் திருத்தினேன். அன்றைக்கே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. எட்டு வருடம் நான் முட்டி மோதிக் கற்ற வேலையை, கேபிள் பிடுங்க வந்த பெண் ஓரமாக நின்று படித்துவிட்டதே என்று இருந்தது.

ஐப்பசி பிறக்கும் சமயத்தில் பிரச்சினை வந்தது. ஒரு பட்டாசு கம்பெனி தன் ஆறு ஆபீஸிலும் எங்கள் பெட்டியை வைத்திருந்தது. எந்த லாரியில் என்ன லோடு ஏற்ற வேண்டும் என்ற சீட்டு சிவகாசி தலைமையிடத்திலிருந்து பெட்டி வழியாகத்தான் வரும். தீபாவளி சீசன், ஒரு நாளைக்கு எத்தனையோ லாரி. அந்த நேரம் பார்த்துப் பெட்டிகள் நின்றுபோயின. விளக்கெல்லாம் எரியும். ஆனால் நெட்வொர்க் சம்பந்தப்பட்ட எந்தக் கட்டளை கொடுத்தாலும் திரும்பி வராது. அணைத்து ஏற்றினால் சரியாகும், ஆனால் அதுவரை வரிசையில் இருந்த சீட்டுகள் போய்விடும். வாரத்துக்கு மூன்று தடவை நடந்தது. எங்கள் ஆபீஸில் எத்தனை முறை முயன்றாலும் ஒரு தடவைகூட நடக்கவில்லை.

மேனேஜர் இருக்கன்குடி கோயிலுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொன்னார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். தீபாவளி முடிந்ததும் டெஸ்டிங்குக்கு ஆள் வைப்பதாக இல்லை. டிரைவர் வேலைக்கு நிரந்தரமாக ஒரு இடம் போடலாம். "அந்தப் பிள்ளையவே எடுத்துக்கிடலாமான்னு இருக்கு. நீங்க சரின்னு சொன்னாச் சரி" என்றார். ஆக, மாரீஸ்வரிக்கு வேலை உண்டா இல்லையா என்பது என் வாயில் இருந்தது. இந்தப் பிரச்சினை முடியட்டும், பார்ப்போம் என்று சொல்லிவைத்தேன்.

எம். புதுப்பட்டி பக்கம் இருந்த ஆபீஸுக்கு நானும் அவரும் போனோம். வாசலை ஒட்டி அலுவலக அறை, அங்கேதான் பெட்டி. வெடிமருந்து அறைகள் எல்லாம் தள்ளித் தள்ளி உள்ளே இருந்தன. நான் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் பெட்டி தானே எழுதிவைக்கும் லாக் பைல்களைப் படித்தேன். இந்தப் பெட்டியின் போர்டே சரியில்லை, மின்சாரமும் சரியில்லை என்று கிளார்க்கிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதேதான். மாரீஸ்வரி வேலையாட்களிடம் பேசிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் அவருக்குச் சித்தி, அத்தை முறை.

மதியம் இரண்டு மணி இருக்கும், தெற்கே இடி முழங்கியது. உள்ளே மணி அடித்தார்கள். பட்டாசு ஆபீஸில் இடி கேட்டால் பேச்சே கிடையாது. கையில் இருப்பதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். யாரும் ஓடவில்லை, பழக்கப்பட்ட நடையில் வந்தார்கள். ஓடியது நான்தான். லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டேன். டவுன்காரன், மருந்து என்றாலே பயம்.

திரும்பி வந்து பார்த்தால் பெட்டி நின்றுபோயிருந்தது. மாரீஸ்வரி அலுவலக வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவருக்கு ஏதோ கிடைத்துவிட்டது என்று. எனக்கு முதலில் தோன்றியது சந்தோஷம் இல்லை. அய்யோ என்றுதான் தோன்றியது.

பஸ்ஸில் வரும்போது சொன்னார். இடி கேட்டதும் கிளார்க், பெட்டியை அணைப்பதற்கு முன்னால் இன்டர்பேஸை இறக்க வேண்டும் என்று எங்கள் கையேட்டில் இருக்கிறபடி கட்டளை கொடுத்திருக்கிறார். அந்தக் கையேட்டை எழுதியது நான். அதே நொடியில் அட்டெண்டர், இடி வந்தால் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்ற அந்த ஊர் வழக்கப்படி கேபிளைப் பிடுங்கியிருக்கிறார். எங்கள் ஆபீஸில் நாங்கள் கேபிளைப் பிடுங்குவோம், அல்லது இன்டர்பேஸை இறக்குவோம். ஒருவரே இரண்டையும் செய்வதால் இரண்டும் ஒரே கணத்தில் நடந்ததே இல்லை. நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பட்டாசு ஆபீஸை வைத்தே சொன்னார்.

"சார், ரூமுக்குள்ள ஒரு பொம்பள வேலை பாக்குறா. அவ வேலைய முடிக்கணும்னா போர்மேன் கையில இருக்கிற ஸ்டோர் சாவி வேணும். போர்மேனு, உள்ள இருக்கவ வேலைய முடிச்சு வெளிய வந்தாத்தான் நகருவேன்னு சாவியோட வாசல்ல நிக்கிறாரு. ரெண்டு பேருமே தப்புப் பண்ணல. ஆனா ரெண்டு பேரும் அங்கனயேதான் நிப்பாக."

உங்களுக்கு இது புரிந்திருக்கும். இன்டர்பேஸை இறக்கும்போது கர்னல், நெட்வொர்க் முழுவதற்குமான பெரிய பூட்டை எடுத்துக்கொண்டுதான் நம் டிரைவருக்குள் வரும். என் டிரைவர் அந்தப் பூட்டோடு நின்றுகொண்டு, கேபிள் போனதைக் கவனிக்கும் வேலை முடியட்டும் என்று காத்திருந்தது. அந்த வேலையோ அதே பூட்டைக் கேட்டுக் காத்திருந்தது. புத்தகத்தில் முதல் அத்தியாயத்தில் வரும் டெட்லாக். லாக் பைலில் அது இருக்காது, ஏனென்றால் நின்றுபோனவன் எதையும் எழுதமாட்டான். இரண்டு ஆட்களின் கையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், நான் ரோட்டில் நின்றேன்.

அதற்கு என்ன செய்யலாம் என்கிறாய் என்று கேட்டேன்.

"சாவி கெடைக்கலன்னா நிக்கவே கூடாது சார். அப்படியே போட்டுட்டு வெளிய வந்துரணும். பெறகு வந்து கேட்டுக்கிடலாம். இடி இடிச்சா எங்கம்மா அப்படித்தான வருவாக."

அதாவது பூட்டைக் கேட்டுப் பார்ப்பது, கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய்விடுவது. சரியான வழி. கேட்ட உடனே சரி என்று தெரிந்தது. யோசிக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திருத்தங்கல் தாண்டும் வரை எனக்குள் ஒரே கேள்விதான். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி. இது எனக்குத் தோன்றவில்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் காலையில் டிரைவருக்கு அவர் எழுதிய திருத்தம், எங்கள் பேச்சில் பேட்ச், என் மெயிலில் இருந்தது. நான் பார்த்துச் சரி சொல்லாமல் டிரைவரில் ஒரு வரிகூடச் சேராது என்பது எங்கள் கம்பெனி வழக்கம். நான் அதைத் திறக்கவில்லை. முதல் நாள் வேலை இருந்தது. இரண்டாம் நாள் தலைவலி இருந்தது. மூன்றாம் நாள் நானே ஒரு மருந்து கண்டுபிடித்தேன். கேபிள் போனது தெரிந்ததும் கொஞ்ச நேரம் பொறுத்து அந்த வேலையைத் தொடங்குமாறு ஒரு தாமதத்தைச் செருகினேன். ஒரே கணத்தில் நடப்பதைக் கொஞ்சம் முன்பின் ஆக்கிவிட்டால் மோதாது, அவ்வளவுதான். எங்கள் ஆபீஸில் மோதவில்லை. அதை ஆறு இடத்துக்கும் அனுப்பினேன்.

தாமதம் வைத்தால் மறையும் கோளாறு தீர்ந்த கோளாறு இல்லை என்று உங்களுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய பேட்ச் தேவைப்படாமல் போக வேண்டும், எனக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

மாரீஸ்வரி நான்காம் நாள் ஒரு தடவை கேட்டார். "பாத்தீகளா சார்?" பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதில் சில விஷயம் இருக்கிறது என்றேன். பெரிய ஆள் போல நெற்றியைச் சுருக்கியதும் ஞாபகம் இருக்கிறது. அவர் பாவம், தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. தினமும் காலையில் என் மேசையைக் கடக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்று போவார். நான் தலையைத் தூக்கமாட்டேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. அனுப்பிய எட்டாம் நாள் காலையில் சிவகாசிச் சுற்று வட்டாரம் முழுக்க இடி. நான்கு பெட்டிகள் நின்றன. லோடு ஏற்றாமல் லாரிகள் வாசலில் கிடக்கின்றன, சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் எல்லாப் பெட்டியையும் கழற்றி அனுப்பிவிடுகிறோம் என்று போன் வந்தது. மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். அப்போதுதான் அந்த மெயிலைத் திறந்தேன். பதினோராம் நாள். மொத்தம் பதினைந்து வரி இருக்கும். சேர்த்தேன், பில்ட் போட்டு டிரைவரைப் புதிதாக ஆக்கினேன்.

சோதிக்க இரண்டு பேர் வேண்டும். மாரீஸ்வரியைக் கூப்பிட்டு, நான் இன்டர்பேஸை இறக்கும் அதே நொடியில் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். எந்த பேட்ச் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. நூறு தடவைக்கு மேல் செய்தோம், ஒரு தடவைகூட நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் ஆறு இடத்துக்கும் போய்விட்டது. மூன்று மணிக்கு சிவகாசியிலிருந்து நன்றி சொல்லி போன் வந்தது.

மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். மாரீஸ்வரி பக்கத்திலேயே உட்கார்ந்து கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தார். "நானும் இந்தப் பொண்ணுமாச் சேந்து பாத்தோம்" என்றேன். கேட்பவர் காதில் முதல் சொல் மட்டும்தான் விழும் என்று தெரிந்தே சொன்னேன். மேனேஜர் என் தோளைத் தட்டினார். "அப்ப அந்த இடத்துக்கு ஆள் வேணுமாய்யா? இல்ல நீங்களே சமாளிச்சுக்கிடுவீகளா?" மாரீஸ்வரி முன்னாலேயே கேட்டார். மேனேஜருக்கு அது சாதாரணக் கேள்வி.

"இப்பத்திக்கு நானே பாத்துக்கிடுறேன்" என்று சொன்னேன்.

மாரீஸ்வரி கேபிளைச் சுற்றி முடித்து டிராயரில் வைத்துவிட்டுப் போனார்.

தீபாவளி லீவு முடிந்து ஒரு வாரம் கழித்து, வேலை பார்த்த சான்றிதழ் வாங்க வந்தார். வாங்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவர் ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"சார், அந்தப் பேட்ச்ல ஒரு தப்பு இருக்கு. இன்டர்பேஸ மூடுறப்ப, பெறகு வாரேன்னு வரிசைக்குப் போன வேலை, மூடி முடிச்ச பெறகும் வந்து நிக்கும். டிரைவரக் கழட்டியிருந்தா மெஷினே விழுந்துரும். லீவுலதான் எனக்குத் தோணுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "பதினோரு நாள் பாத்தீகளே, இத நீங்க சொல்லுவீகன்னு நெனச்சேன்."

அந்த வாக்கியம் கோபத்தில் சொன்னது இல்லை. அப்போதுதான் அவருக்கே விஷயம் புரிந்தது என்று நினைக்கிறேன். நான் அதைத் தள்ளிப்போட்டேன் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். படிக்கவே இல்லை என்பது அந்த நிமிடம்தான் தெரிந்தது. தாளில் அதற்கான திருத்தமும் இருந்தது. மூடப்போகிறோம் என்று ஒரு குறி, அந்தக் குறியைப் பார்க்காமல் எந்த வேலையும் மறுபடி வரிசைக்குப் போகக்கூடாது, குறி வைப்பதும் பார்ப்பதும் ஒரே சின்னப் பூட்டுக்குள் நடக்க வேண்டும். அவர் இத்தனை விளக்கமாக எழுதியும் எனக்கு அது முழுதாகப் பிடிபட இரண்டு நாள் ஆனது.

கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். பெங்களூரில் ஒரு கம்பெனியில் டிரைவர் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சான்றிதழில் டெஸ்டிங் என்றுதான் இருக்கிறது. "டிரைவர் வேலையும் பாத்தேன்னு ஒரு வரி எழுதித் தாங்க சார். நீங்க எழுதினா ஒத்துக்கிடுவாக."

இந்த இடத்தில் நான் திருந்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. கம்பெனித் தாள் ஒன்றை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். அவர் கொடுத்த தாள் பக்கத்திலேயே கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வேலை போன பிறகும், லீவு நாளில், சம்பந்தமே இல்லாத டிரைவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாரே, நான் ஒரு நாளாவது அப்படி இருந்தேனா என்று இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நெட்வொர்க் டிரைவரில் ஒரு டெட்லாக்கைச் சரிசெய்தபோது இவர் உதவியாக இருந்தார்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் நின்றபடியே படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "போதும் சார்" என்றார்.

பெங்களூர் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. வேறு ஏதோ கம்பெனியில் டெஸ்டிங்குக்கே போய்விட்டதாகப் பல மாதம் கழித்துக் கேள்விப்பட்டேன். என் வரியால்தான் கிடைக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. உதவியாக இருந்தவரை யார் டிரைவர் எழுத எடுப்பார்கள் என்று மட்டும் தெரியும். அந்தச் செய்தியைக் கேட்டபோது என் மனதில் ஒரு மூலை நிம்மதியானது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதியதற்கே அர்த்தமில்லை.

அந்த இரண்டாவது திருத்தமும் என் பெயரில்தான் உள்ளே போனது. அந்த டிரைவர் இருக்கும் பைலைப் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடமாகக் காட்டுகிறீர்கள் என்று அன்றைக்குப் பேச வந்தபோது தெரிந்தது. திரையில் பெரிதாகப் போட்டு, பூட்டு கிடைக்காவிட்டால் எப்படிப் பின்வாங்குவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்று உங்களில் ஒருவர் விளக்கினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன். இத்தனை வருடம் கழித்தும் என் தலை அப்படித்தான் ஆடியது.

இதைப் படித்துவிட்டு என்னிடம் சமாதானம் சொல்ல வேண்டாம். அடுத்தவர் பேட்ச் உங்கள் மெயிலுக்கு வந்தால் அன்றைக்கே திறந்துவிடுங்கள். அது உங்களுடையதைவிட நன்றாக இருந்தால் வயிறு எரியும், எரிந்துகொண்டே திறங்கள். அப்புறம், அந்தப் பைலின் தலையில் இருக்கும் என் பெயரை எடுத்துவிட்டு அங்கே ஒரு குறிப்புச் சேருங்கள். மாரீஸ்வரி எங்கே இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அவருக்குக் கொடுக்க ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். குறிப்பில் அதையே போட்டுவிடுங்கள்:

"இந்த டெட்லாக் எதனால் வருகிறது என்று கண்டுபிடித்தவர் மாரீஸ்வரி. தீர்த்தவரும் அவர். தன் தீர்வில் இருந்த தவறை எடுத்துக் காட்டித் திருத்தியவரும் அவரே. அதைச் சரிபார்க்க வேண்டிய நான் எந்த உதவியும் செய்யவில்லை."